மேனேஜர் வீட்டுப் பருப்பும் எங்கள் பாய்லரும்

மில்லில் இப்போது புதுத் தண்ணீர் பிளான்ட் வந்துவிட்டது. எல்லாம் திரையில் தெரிகிறது. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் போன வாரம் போன் செய்தார்கள். திரை இல்லாமல் நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள், ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கலர் பார்த்தோம் என்றேன். அது ஒரு வரிதானே அண்ணாச்சி, நாலு பக்கம் வேண்டும் என்றார்கள். சரி என்று எழுதுகிறேன்.

என் பெயர் குருசாமி. ஊர் சேத்தூர். படிப்பு எட்டு. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஒரு நூல் மில். அதற்குள்ளேயே சின்னதாக ஒரு மின் நிலையம். பாய்லரில் தண்ணீர் கொதிக்கும். நீராவி டர்பைனைச் சுற்றும். கரண்ட் வரும். நூல் நூற்கும் கதிர்கள் ஓடும். அந்தப் பாய்லருக்குத் தண்ணீர் பக்குவம் பார்த்து அனுப்புவது என் வேலை. முப்பத்தோரு வருடம் பார்த்தேன்.

எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். வெந்நீர் அண்டாவுக்கு அடியில் வெள்ளையாகப் படியுமே, அதுதான். பாய்லர் குழாய்க்குள்ளும் அப்படியே படியும். நாங்கள் ஸ்கேல் என்போம். ஸ்கேல் பிடித்தால் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாது. குழாயிலேயே நிற்கும். குழாய் வீங்கும். பிறகு பிளக்கும். தண்ணீரில் காற்று கரைந்திருந்தால் அது வேறு தொல்லை. இரும்பை அரிக்கும். அதற்கு வேறு மருந்து உண்டு. அந்தப் பக்கம் எனக்கு வம்பு வந்ததில்லை. வம்பு வந்தது சுண்ணாம்பில்.

பழக ஆறு மாதம் ஆனது. அதில் ஐந்து மாதம் உப்பு மூட்டை தூக்கினேன்.

உப்பு எதற்கு என்று சொல்ல வேண்டும். சாஃப்ட்னர் என்று ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு தொட்டி. உள்ளே கேழ்வரகு போல மஞ்சள் மணிகள். தண்ணீர் அதன் வழியாக இறங்கும்போது சுண்ணாம்பை மணிகள் பிடித்துக்கொள்ளும். வெளியே வருவது சாஃப்ட் தண்ணீர். நூறு யூனிட் தண்ணீர் போனதும் மணிகளுக்கு வயிறு நிறைந்துவிடும். அதற்குமேல் சுண்ணாம்பைத் தொடாது. அப்போது கல்லுப்பைக் கரைத்து விட்டுக் கழுவ வேண்டும். கழுவினால் மறுபடியும் பசிக்கும்.

நூறு ஆகிவிட்டது என்று சொல்வது தொட்டியிலிருந்து பாய்லருக்குப் போகும் குழாயில் இருந்த மீட்டர். தினமும் பகல் இரண்டு மணி வாக்கில் நூறைத் தொடும். கழுவுவோம். மீட்டர் சொன்னதைக் கேட்போம். மீட்டரை யாரும் கேள்வி கேட்டதில்லை.

எங்கள் மேலதிகாரி கெமிஸ்ட் வடமலை சார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒல்லி. சட்டைப் பையில் பேனா இருக்காது. கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து பாட்டில் போல இரண்டு இருக்கும். அவர் பேச்சு மொத்தம் மூன்று. “ம்.” “ம்ஹும்.” “மறுபடி.” சம்பளம் உயர்ந்த அன்றும் “ம்” என்றார். பக்கத்துக் கொட்டகையில் தீப்பிடித்த அன்றும் “ம்” என்றார்.

அந்த இரண்டு பாட்டில்தான் எங்கள் பள்ளிக்கூடம். டம்ளரில் தண்ணீர் எடுக்க வேண்டும். முதல் பாட்டிலில் ஐந்து சொட்டு. அது நாறும், மூக்கில் ஏறும். இரண்டாவது பாட்டில் கருஞ்சாயம், இரண்டு சொட்டு. தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் நன்னாரி சர்பத் நிறம் வரும். இல்லையென்றால் பேனா மை நீலம். நீலம் வந்தால் நோட்டில் “இல்லை” என்று எழுதலாம். காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, மாலை நான்குக்கு ஒரு தடவை, ராத்திரி பன்னிரண்டுக்கு ஒரு தடவை. ஷிப்டுக்கு ஒன்று.

பகலில் டியூப்லைட்டில் நிறம் பார்க்கக் கூடாது. அது அவர் சட்டம். டம்ளரைத் தூக்கிக்கொண்டு வெளியே வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போய் வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். மழை பெய்தால் ஒருவர் குடை பிடிப்பார். நிறம் பார்க்க வெயில் இல்லாத அன்றைக்குக் குடை பிடித்து என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவருக்கு அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. எங்கே தண்ணீர் கொடுத்தாலும் இரண்டு சொட்டு விடுவார். எங்கள் டர்பைன் ஆபரேட்டர் மகள் கல்யாணப் பந்தியில் இலைக்குப் பக்கத்துத் தண்ணீரில் விட்டார். சர்பத் நிறம் வந்தது. “ம்ஹும்” என்று தள்ளி வைத்தார். அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த பதினொரு பேரும் தண்ணீர் குடிக்காமல் சாப்பிட்டார்கள். பெண்ணுக்கு அப்பா அப்புறம் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஒரு தடவை காந்தம் விற்க ஒருவர் வந்தார். டை கட்டியிருந்தார். காந்தத்தைக் குழாயைச் சுற்றிக் கட்டினால் போதும், சுண்ணாம்பு ஒட்டாது, உப்பு வேண்டாம், மருந்து வேண்டாம், ஆள்கூட வேண்டாம் என்றார். ஆள் வேண்டாம் என்றபோது என்னைப் பார்த்துச் சொன்னார். மேனேஜருக்கு ஆசை வந்துவிட்டது. வடமலை சார் ஒரு காந்தத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். ஒரு மாதம் கழித்து வீட்டு வெந்நீர் அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு மில்லுக்கு வந்தார். அண்டாவைச் சுற்றிக் காந்தம் கட்டியிருந்தது. உள்ளே விரல் கனத்துக்கு வெள்ளை. மேனேஜர் மேஜையில் கவிழ்த்து வைத்தார். “ம்” என்றார். காந்தக்காரர் பிறகு வரவில்லை. அண்டா மட்டும் ஆபீசில் ரொம்ப நாள் கிடந்தது. சார் வீட்டம்மா அதற்காகச் சண்டை போட்டதாகக் கேள்வி.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். ரிட்டயர் ஆவதற்கு ஏழெட்டு வருடம் முன்பு நடந்தது.

அந்த வருடம் பாஸ்பேட் செலவு கூடிக்கொண்டே போனது. சாஃப்ட்னரைத் தப்பித் துளி சுண்ணாம்பு பாய்லருக்குள் வந்தால் அதைச் சேறாக்கி வெளியேற்றும் மருந்து அது. நாளுக்கு இரண்டு கரண்டி போட்ட இடத்தில் மூன்று போட வேண்டி வந்தது. பிறகு நான்கு.

வடமலை சார் நோட்டைப் பார்த்தார். “ஏன் கூடுது?”

அவர் வாயிலிருந்து இரண்டு சொல் சேர்ந்து வந்தது அபூர்வம். நான் அதை மதித்திருக்க வேண்டும்.

“தெரியல சார்” என்றேன்.

“ம்ஹும்.”

நான் ஐந்தாவது கரண்டி போட்டேன். அது என் தப்பு. யார் மேலும் போட முடியாது.

அதே வருடம் கேண்டீன் சாம்பார் நன்றாக ஆனது. முன்பெல்லாம் அதில் பருப்பு தனியாக, தண்ணீர் தனியாக நிற்கும். இப்போது குழைந்து வந்தது. எல்லோரும் கேண்டீன் மாஸ்டரைப் பாராட்டினோம். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் கண்டது.

ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பாய்லருக்குள் சீறல் கேட்டது. பிரஷர் இறங்கியது. தண்ணீர் மட்டம் நிற்கவில்லை. நிறுத்தினார்கள். மில்லும் நின்றது. ஆறவிட்டு உள்ளே இறங்கிப் பார்த்தால் ஒரு குழாய் பலாக்காய் போல வீங்கி நடுவில் பிளந்திருந்தது. அறுத்து எடுத்தார்கள். உள்ளே தேங்காய்ச் சில்லு கனத்துக்கு ஸ்கேல்.

வடமலை சார் ஒரு துண்டைப் பெயர்த்தார். முகர்ந்தார். நாக்கில் வைத்தார். கேண்டீனிலிருந்து எலுமிச்சம்பழம் வரவழைத்துப் பிழிந்தார். பொங்கியது. சுண்ணாம்பேதான். அவர் என்னைப் பார்த்தார். நோட்டுக்குக் கை நீட்டினார்.

நோட்டில் பார்த்தால் எல்லா நாளும் “இல்லை”, “இல்லை”, “இல்லை”. காலையில் எழுதியதெல்லாம் என் கையெழுத்து. குழாயில் பார்த்தால் தேங்காய்ச் சில்லு. இதில் ஒன்று பொய். குழாய் பொய் சொல்லாது. அப்படியென்றால் குருசாமி தண்ணீரைச் சோதிக்காமலே எழுதியிருக்கிறான். அப்படித்தான் மேனேஜர் நினைத்தார். நானே அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். காகிதம் கொடுத்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை விசாரணை. ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று விளக்கம் சொல்ல வேண்டும். குழாயை மாற்றிப் பாய்லரை ஓட்டிவிட்டார்கள். என்னை மாற்றுவதுதான் பாக்கி.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி செல்லத்தாய் வாய்க்காரி. அவள் அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அது எப்போதும் கொதித்துக்கொண்டுதான் இருக்கும்.

“பாத்துதானே எழுதினீக?”

“பாத்துதான்.”

“அதைச் சொல்லிட்டு வர வேண்டியதுதானே.”

“சொன்னேன்.”

“எப்படிச் சொன்னீக?”

“பாத்துதான் எழுதினேன்னு சொன்னேன்.”

“அம்புட்டுத்தானா? அதுக்கு முன்னாடி பின்னாடி ஒண்ணும் கிடையாதா? ஊர்ல அவனவன் பொய்யையே ஒரு மணி நேரம் பேசுதான். உங்களுக்கு உண்மையைச் சொல்ல ஒரு வாய் தண்ணி குடிக்கிற நேரம் போதுதா?” கரண்டியால் பருப்பை ஒரு குத்து குத்தினாள். “இருபது வருசமா ஒரு கேன் சாஃப்ட் தண்ணி கொண்டாங்கன்னு கெஞ்சுதேன். கம்பெனி தண்ணின்னு சொல்லி ஒரு சொட்டு கொண்டாந்ததில்ல. இப்ப கம்பெனி உங்களுக்கு என்ன செஞ்சுது? மேனேஜர் வீட்டுல போய் அவிய சம்சாரத்தைப் பாருங்க. நல்ல மனுசின்னு சொல்லுதாக. ரெண்டு மாம்பழம் எடுத்துக்கிட்டுப் போங்க.”

ஞாயிற்றுக்கிழமை போனேன். பத்து சப்பட்டை மாம்பழம். மில் காம்பவுண்டுக்குள்ளேயே எட்டு குவார்ட்டர்ஸ். முதல் வீடு மேனேஜருடையது. அவர் மதுரை போயிருந்தார். வாசலில் வேலைக்காரப் பெண் அவர்கள் வீட்டு நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ராஜபாளையம் நாய், வெள்ளை. ஆனால் நாய் தெரியவில்லை. நுரை தெரிந்தது. நுரைக்கு நடுவில் ஒரு ரோஸ் மூக்கு தெரிந்தது.

நான் நின்றுவிட்டேன்.

எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தயிர் திரிந்த மாதிரிதான் ஆகும். கல்யாண மாப்பிள்ளையைக்கூட அரைச் சோப்பு கரைத்துத்தான் குளிப்பாட்டுவோம். இந்தப் பெண் கையில் இருந்ததோ தேய்ந்துபோன வில்லை, புளியங்கொட்டை அளவு.

“எம்புட்டு நேரமா தேய்க்க?” என்று கேட்டேன்.

“இப்பத்தான் தாத்தா ஆரம்பிச்சேன்” என்றாள்.

மேனேஜர் வீட்டம்மா வெளியே வந்தார்கள். திருநெல்வேலிக்காரர்கள். மாம்பழத்தை வாங்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்தேன். எங்கள் ஊர் தண்ணீரில் ஒரு கடுப்பு இருக்கும். இதில் அது இல்லை. சப்பென்று, கொஞ்சம் வழவழவென்று இறங்கியது. இருபது வருடத்துக்கு மேல் சாஃப்ட்னர் அடியில் கை ஏந்திக் குடித்த தண்ணீர். எனக்குத் தெரியாதா?

வடமலை சார் பழக்கம் எனக்கும் ஒட்டியிருந்தது. சட்டைப் பையில் இரண்டு பாட்டிலும் இருந்தன. அவர்கள் முன்னாலேயே டம்ளரில் சொட்டு விட்டேன். நாற்றம் கிளம்பியது. நாய் நான்கு தும்மல் போட்டது. நுரை சுவரெல்லாம் தெறித்தது.

“ஐயோ அண்ணாச்சி, என்ன மருந்து குடிக்கிய? வீட்டுல எதுவும் பிரச்சினையா?” அம்மா பதறிப்போனார்கள்.

“குடிக்கலம்மா. பாக்கேன்.”

நீலம். மை நீலம். வெயிலில் கொண்டுபோய்ப் பிடித்தேன். அங்கேயும் நீலம்.

“அட, அழகா இருக்கே!” என்றார்கள். “இதைச் சேலைக்குப் போடலாமா?”

“இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருதும்மா?”

“அதை ஏன் கேக்கிய. நான் தாமிரபரணியில குளிச்சு வளந்தவ அண்ணாச்சி. இங்க வந்த முதல் வருசம் முடியெல்லாம் கொட்டிப் போச்சு. பருப்பு அடுப்புல வச்சா மாமியாருக்குப் பசியில வயித்துல தீ எரியும். பன்னெண்டு விசில் அடிச்சும் கல்லு மாதிரி நிக்கும். உங்க மேனேஜரு ஒரு நாள் தட்டைத் தள்ளிட்டுப் போயிட்டாவ. நம்ம பிளம்பர் இருளாண்டிகிட்ட சொல்லி அழுதேன். பாவம், நல்ல பையன். அவன்தான் ஒரு லைன் போட்டுக் குடுத்தான். இப்ப ரெண்டு விசில். மத்த ஏழு வீட்டுக்கும் சொல்லிக் குடுக்கச் சொன்னேன். நாம மட்டும் நல்லா இருந்தா போதுமா? பொறவு கேண்டீன்காரரும் கேட்டாரு.”

தன் ஜடையை முன்னால் எடுத்துப் போட்டுக் காட்டினார்கள். முடி நன்றாகத்தான் இருந்தது.

எட்டு வீடு. ஒரு கேண்டீன். ஒரு நாய்.

எனக்குக் கணக்கு வந்துவிட்டது. ஆனாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். சாம்பார் சாதம். என் வேலையைத் தின்ற சாம்பார். நன்றாக இருந்தது. இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டேன்.

அங்கிருந்து நேரே பிளம்பர் ஊரான சுந்தரபாண்டியத்துக்குப் போனேன். இருளாண்டி வீட்டில் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“ஏலே, குவார்ட்டர்ஸ் லைனை எங்கேர்ந்து எடுத்தே?”

“சாஃப்ட்னர் வாயிலேர்ந்துதான் அண்ணாச்சி.”

“மீட்டருக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடிதான்.” முகத்தில் ஒரு பெருமை வந்தது. “பின்னாடி எடுத்தா மீட்டர்ல காட்டுமே. தண்ணி எங்க போச்சுன்னு கெமிஸ்ட் சார் உங்களைத்தானே கேப்பாரு. உங்களுக்கு ஒரு சங்கடம் வரக்கூடாதுன்னுதான் முன்னாடி எடுத்தேன். ரெண்டு நாள் உக்காந்து யோசிச்சேன் அண்ணாச்சி.”

அவன் சொன்னது உண்மை. எனக்கு நல்லது செய்யத்தான் செய்திருக்கிறான். மணிகள் வழியாகப் போன தண்ணீர் நூறைத் தாண்டியும் மீட்டர் எண்பத்தெட்டு என்று காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பதினொரு மணிக்கே மணிகளுக்கு வயிறு நிறைந்துவிடும். நான் இரண்டு மணிக்குத்தான் கழுவுவேன். நடுவில் மூன்று மணி நேரம் சுண்ணாம்புத் தண்ணீர் பாய்லருக்குள். எட்டு மணிக்குப் பார்த்தால் நீலம். நான்குக்குப் பார்த்தால் கழுவி முடிந்த நீலம். பதினொன்றிலிருந்து இரண்டு வரை ஒருவரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் கேண்டீனில் சாம்பார் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“லைன் கண்ணுல படவே இல்லையே, எப்படில போட்டே?”

“உப்பு மூட்டைக்குப் பின்னாடி அண்ணாச்சி.”

அந்த மூட்டைகளை அடுக்கியது நான்.

விஷயத்தைச் சொன்னேன். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். “என் பேரைச் சொல்லிராதீக அண்ணாச்சி. ரெண்டும் பொம்பளப் பிள்ளைய” என்றான். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் யோசித்தேன். அவன் பேரைச் சொல்லாவிட்டால் என் பேர் போகும். வாக்குக் கொடுக்கும்போது யோசிக்காத பழக்கம் எனக்கு உண்டு. செல்லத்தாய் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

திங்கட்கிழமை வடமலை சாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பத்தரை மணிக்கு அவரை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டேன். சாஃப்ட்னர் தண்ணீரைக் கால் மணிக்கு ஒரு டம்ளர் எடுத்து வந்தேன். பத்தரைக்கு நீலம். பத்தே முக்காலுக்கு நீலம். பதினொன்றுக்கு நீலமா ஊதாவா என்று இரண்டு பேருக்கும் சண்டை. சண்டை என்றால் நான் “ஊதா” என்றேன், அவர் “மறுபடி” என்றார். பதினொன்றேகாலுக்கு சர்பத். மீட்டர் எண்பத்தெட்டு.

அவர் டம்ளரை ரொம்ப நேரம் வெயிலில் பிடித்திருந்தார். பிறகு சாஃப்ட்னர் அறைக்குள் போனார். ஐந்து நிமிடம் கழித்து முழங்கை வரை உப்போடு வெளியே வந்தார். மூட்டையை நகர்த்திப் பார்த்திருக்கிறார். அந்தக் குழாய் போன திசையைப் பார்த்தார். முதல் குவார்ட்டர்ஸ். வெளியே வெள்ளையாக ஒரு நாய், பஞ்சுப் பொதி போல.

“சார், நான் யாரையும் சொல்ல மாட்டேன்னு சொல்லிருக்கேன்” என்றேன்.

“வாய் வேண்டாம்” என்றார். என் சட்டைப் பையைத் தொட்டார். “இது போதும்.”

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. மேனேஜர் அறை. மேனேஜர், ஆபீசர் ஒருவர், வடமலை சார். ஆபீசர் எதையும் எழுதிக்கொள்கிறவர். நான் உட்காரவில்லை. மேஜையில் என் நோட்டு ஒரு பக்கம், வீங்கின குழாய்த் துண்டு ஒரு பக்கம். நடுவில் மேனேஜர் வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டில்.

“குருசாமி, என்ன சொல்றீங்க?” என்றார் மேனேஜர். கோபமாகக் கேட்கவில்லை. அலுப்பாகக் கேட்டார். அதுதான் பயமாக இருந்தது. முடிவு செய்துவிட்ட ஆள்தான் அலுப்பாகக் கேட்பார்.

“கொஞ்சம் தண்ணி வேணும் சார்.”

இரங்கிப்போய் அவர் பாட்டிலிலிருந்தே ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை. மேஜையில் வைத்தேன். சட்டைப் பையிலிருந்து சொட்டு மருந்து பாட்டில்களை எடுத்தேன். ஐந்து சொட்டு விட்டேன்.

ஆபீசர் நாற்காலியோடு பின்னால் போனார். “யோவ்! என்னய்யா ஊத்துதே? சார், விஷம் சார்! குடிச்சிராதீங்க! ஏய், யாராவது வாங்கப்பா!”

“குடிக்க இல்ல சார். கலர் பாக்க” என்றேன். இரண்டாவது பாட்டில். இரண்டு சொட்டு.

நீலம்.

கை கழுவும் தொட்டியில் போர் தண்ணீர் வரும். அதில் இன்னொரு டம்ளர் பிடித்தேன். சொட்டு விட்டேன். சர்பத். இரண்டையும் ஜன்னல் ஓரம் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“இது என்ன?” மேனேஜர் நீல டம்ளரைக் காட்டிக் கேட்டார்.

“சாஃப்ட்னர் தண்ணீர்” என்றார் வடமலை சார்.

“என் பாட்டில்ல எப்படி வந்துது?”

“ம்” என்றார் சார்.

மேனேஜர் கெட்டிக்காரர். நீல டம்ளரைப் பார்த்தார். குழாய்த் துண்டைப் பார்த்தார். ஜன்னல் வழியாகத் தன் வீட்டைப் பார்த்தார். போனை எடுத்தார். அவசரத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார் போல. எல்லோருக்கும் கேட்டது.

“நம்ம வீட்டுக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது?”

“ஏன், குழம்புல பருப்பு வேகலையா?” அம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு கேக்கேன்.”

“சாஃப்ட்னர்லேர்ந்துதான். இருளாண்டி போட்டுக் குடுத்தான்லா? ஒரு ரூவா வாங்கல. ஞாயித்துக்கிழமைகூட குருசாமி அண்ணாச்சி வந்து நீலமா ஆக்கிக் காட்டினாரே. ரொம்ப அழகா இருந்துச்சு. நல்ல மனுசன். பத்து மாம்பழம் கொண்டாந்தாரு. அவருக்கு ஆபீஸ்ல ஏதோ பிரச்சினையாமே, நீங்க கொஞ்சம் பாத்துச் செய்யுங்க.”

மேனேஜர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஆபீசர் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். மெல்லக் கேட்டார். “சார், என்ன எழுதட்டும்? பருப்பு வரைக்கும் எழுதணுமா?”

“குழாய் இணைப்பில் பிழை. ஊழியர் மீது குற்றமில்லை.” மேனேஜர் சொல்லச் சொல்ல ஆபீசர் எழுதினார். “பிளம்பர் பேரு வேண்டாம்.”

“இணைப்பு யாருக்காகன்னு…”

“அதுவும் வேண்டாம்.”

இருளாண்டி அன்று மத்தியானமே வந்து லைனை வெட்டி அடைத்தான். அவனைத் தண்டிக்க வேண்டுமானால் அம்மாவையும் தண்டிக்க வேண்டும். அந்தத் தைரியம் அந்த மில்லில் யாருக்கும் கிடையாது. மறுநாள் கேண்டீன் சாம்பாரில் பருப்பு தனியாக நின்றது. நான்கு பேர் மாஸ்டரிடம் சண்டைக்குப் போனார்கள். பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் தண்ணீர் பார்க்க வேண்டும் என்று நோட்டில் இரண்டு கட்டம் புதிதாகப் போட்டோம். பாஸ்பேட் இரண்டு கரண்டிக்கு இறங்கியது.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு மேனேஜர் சாஃப்ட்னர் அறைக்கு வந்தார். அவர் அங்கே வந்து நான் பார்த்ததில்லை. தனியாக வந்தார். முகம் வாடியிருந்தது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத முகம். உப்பு மூட்டைகளைப் பார்த்தார். குழாயை அடைத்த இடத்தைப் பார்த்தார். மீட்டரைத் தட்டிப் பார்த்தார். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

வடமலை சார் வெளியே வேப்பமரத்தடியில் டம்ளரோடு நின்றார். அவர் காதில் விழாதபடி மேனேஜர் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“குருசாமி, ஒரு நாளைக்கு ரெண்டு குடம் எடுத்தா பாய்லர் தாங்குமா?”

யோசித்தேன். தாங்கும்.

“மீட்டருக்குப் பொறவு எடுங்க சார்” என்றேன்.